கூடப்பிறந்தவர்

சனிக்கிழமை, காலை 9.10.

நூற்று எண்பத்தாறாம் பக்கத்தைத் திருப்பினால் நூற்று எண்பத்தொன்பது வந்தது.

சர்மிளா மறுபடியும் திருப்பினாள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒட்டவில்லை. தையலை ஒட்டி அரை விரல் அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் நின்றது. மீதித் தாள் இல்லை.

பிளேன்டீயோடு மாடியேறி வந்த அன்ஸார் வாசலிலேயே நின்றார்.

“என்ன மிஸ், முகம் ஒரு மாதிரி?”

“ஒரு தாளக் காணோம் நானா. வெட்டி எடுத்திருக்காங்க.”

அன்ஸார் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நோர்வூட் கடைவீதியில், எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் அன்ஸாரின் கொம்யூனிகேஷன் கடைக்கு மேலே இருந்த அந்த அறையை அவர் வாடகை வாங்காமல் விட்டிருந்தார். போட்டோக்கொப்பிக் காகிதப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு கெமரா, ஒரு கம்பியூட்டர். அங்கே மூன்று பேர் வார இறுதிகளில் ஒரு வேலை செய்துவந்தார்கள். தோட்டங்களின் பழைய ஆட்பதிவுப் புத்தகங்களை இரவல் வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ‘லயப்பேர்’ என்ற இணையத்தளத்தில் ஏற்றுவது. முன்பள்ளி ஆசிரியை நிலக்ஷி படம் எடுப்பாள். லோஜன் ஏற்றுவான். பேர்களைத் தட்டி அட்டவணை போடுவதும் தேடி எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவதும் சர்மிளாவின் பொறுப்பு.

தேடுகிறவர்கள் நிறையப் பேர். குடியுரிமை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், கனடாவிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து. தேவாலய ஞானஸ்நானப் புத்தகம் இந்த இணைப்பில் இருக்கிறது, தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலை இப்படித் தேடுங்கள், கப்பல் பட்டியலில் தாத்தாவின் பேரை ஐந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், எழுதிய துரைக்குக் காதில் விழுந்ததுதான் எழுத்து என்று அவள் சலிக்காமல் எழுதுவாள். ஆனால் வரிசைவீட்டு லயம் வாரியாக, காம்பரா என்ற ஒற்றை அறை வாரியாக, தமிழிலேயே எழுதப்பட்ட புத்தகம் இது ஒன்றுதான் கிடைத்திருந்தது. ஆனைக்கல் தோட்டத்துப் புத்தகம். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. “கோட்டுல வேல செய்யிற புள்ள. ஒன்ன நம்பாம யார நம்புறது” என்று சொல்லித் தூக்கிக் கொடுத்தார்.

ஹற்றன் நீதிமன்றத்தில் சர்மிளா பதினோரு வருடமாக மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதைக் கவனிக்கப் பழகியிருந்தாள். கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், எதிரே இருப்பவர் அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் எதையாவது போட்டு நிரப்புவார். அதில்தான் விஷயம் இருக்கும்.

இப்போது புத்தகத்தின் மேல் குனிந்தாள். கீற்றின் அடி ஓரம் துல்லியமாக வெட்டுப்பட்டிருந்தது. மேல் நுனியில் மட்டும் தாள் சிறிது கிழிந்து, வால் போல நீட்டிக்கொண்டிருந்தது. கத்தி கீழே தொடங்கி மேலே முடிந்திருக்கிறது. அடுத்திருந்த நூற்று எண்பத்தொன்பதாம் பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. அட்டை எதையாவது கீழே கொடுத்து வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“நானா, ஒங்க லெமினேட்டிங் கத்தி எங்க?”

“கவுண்டர்லதான். நேத்துப் பின்னேரம் நான் பாத்த. இருந்திச்சி.”

“வியாழக்கிழம பின்னேரம் நான் பூட்டிட்டுப் போறப்ப தாள் இருந்திச்சு. அந்தப் பக்கத்தப் பாத்திட்டுத்தான் போனேன். நேத்து யாரு வந்தாங்க?”

“சாவி கவுண்டருக்குப் பின்னால ஆணியில. நான் காலையிலிருந்து கடையிலதான். பன்னெண்டு பத்துக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போன, ஒண்டரைக்குள்ள வந்த. ஷட்டரப் பாதி இறக்கித்தான் போன. உங்கட அப்பா மருந்தெடுத்துட்டு வந்து பெஞ்சில இருந்தார், எப்பவும் மாதிரி. ஒரு ஈ காக்கா உள்ள போகல்ல எண்டு சொன்னார்.”

“பெறகு?”

அன்ஸார் தயங்கினார். சர்மிளா பேசாமல் இருந்தாள்.

“பெறகு… நிலக்ஷி மிஸ் வந்தா. மூண்டரை இருக்கும். ஒரு மணித்தியாலம் மேல இருந்தா.”

காலை 10.20.

லோஜன் முதலில் வந்தான். வங்கியில் வேலை. எதையும் சிரிப்பாகப் பேசிப் பழகியவன். கீற்றைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அக்கா, இது அந்தக் கோத்தகிரிப் பாட்டியோட அண்ணனத் தேடுன பக்கந்தானே?”

“அண்ணனா தம்பியான்னு தெரியாது லோஜன். இங்கிலீசுல ‘பிரதர்’னுதான் எழுதியிருக்காங்க.”

வியாழக்கிழமை பிற்பகல் வந்த கடிதம் அது. நீலகிரியில் கோத்தகிரியிலிருந்து காவியா என்ற பெண் தன் பாட்டி ராக்காயிக்காக எழுதியிருந்தாள். 1973இல் பாட்டியும் பாட்டியின் தாயும் ஆனைக்கல் தோட்டத்து மேட்டு லயத்திலிருந்து கப்பலுக்குக் கிளம்பினார்கள். பாட்டியின் பிரதர் மாயாண்டி ஹற்றன் ஸ்டேஷனில் ரயில் ஏறாமல் போய்விட்டார். பாட்டியின் தாய் அந்த நினைப்பிலேயே செத்தார். பாட்டிக்கு இப்போது உடம்பு சரியில்லை. மாயாண்டி இருக்கிறாரா இல்லையா என்று ஒரு சொல் தெரிந்தால் போதும். அவர் பேர் உள்ள பக்கமாவது கிடைக்குமா?

பக்கம் கிடைத்தது. நூற்று எண்பத்தேழு. மாயாண்டி என்ற பேரை மட்டும் கண்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மீதியைப் படிக்காமல் சர்மிளா அன்று மூடிவைத்தாள். வீட்டுக்கு வந்து, வழக்கம்போல அப்பாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். ‘பிரதர்’ வந்த இடத்தில் ஒரு கணம் நின்று, ‘கூடப்பொறந்தவர்’ என்றாள். தொழில் பழக்கம். அண்ணனா தம்பியா என்று தெரியாமல் ஒரு சொல்லைப் போட்டு ஒரு வழக்கே தள்ளிப்போனதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் ஒன்றும் சொல்லுகிறவர் இல்லை. நீங்க எந்தத் தோட்டத்துல பொறந்தீங்க என்று சின்ன வயதில் கேட்டபோதுகூட, “எல்லாம் ஒரே மலதான் ஆத்தா” என்றுதான் பதில் வந்தது.

காலை 10.45.

நிலக்ஷி குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வயது. கெமராவைத் துடைக்கத் தனியாக ஒரு வெள்ளைத் துணி கொண்டுவருகிறவள்.

“நேத்து வந்தீங்களா நிலக்ஷி?”

“இல்லியேக்கா.”

சர்மிளா பேசாமல் இருந்தாள். மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நிலக்ஷி அன்ஸாரைப் பார்த்தாள். அன்ஸார் தரையைப் பார்த்தார்.

“வந்தேன். கொஞ்ச நேரம்.”

“எதுக்கு?”

“படம் எடுக்க.”

லோஜன் கெமராவைக் கம்பியூட்டரில் செருகினான். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.50க்கு ஒரே ஒரு படம். நூற்று எண்பத்து மூன்றாம் பக்கம். மேட்டு லயம், முதல் காம்பரா. பக்கத்தின் நடுவே, ஒரு கட்டத்தின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்று நீளவாக்கில் வைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கட்டத்தின் தலைப்பு என்ன என்று நால்வருக்கும் தெரியும். சாதி.

“இது ஒங்க குடும்பந்தானே?” என்று சர்மிளா கேட்டாள்.

நிலக்ஷி கண்ணைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

பிறகு சர்மிளா செய்ததை அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் பின்னால் அவளை அதிகம் அரித்தது. நீதிமன்றத்தில் ஆவணத்தைக் கையில் கொடுத்தால் எப்படி வாசிப்பாளோ அப்படி வாசித்தாள். புத்தகத்தில் நூற்று எண்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து, தாத்தாவின் பேர், தகப்பன் பேர், ஊர், அடுத்த கட்டம் என்று வரிசையாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், சத்தமாக. அந்தக் கட்டத்தில் இருந்த சொல்லும் அதே குரலில் வந்தது.

லோஜன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பதிவுல இருக்கிறத மறைக்கிறதும் பொய்தான் நிலக்ஷி” என்றாள் சர்மிளா. “ஒங்க சொந்தக்காரங்க எல்லாம் அதே லயந்தான். நூத்தி எம்பத்தேழுலயும் இருப்பாங்க. அந்தத் தாள் கீழயிருந்து மேல வெட்டுப்பட்டிருக்கு. மேசைக்கு இந்தப் பக்கம் நின்னா யாரும் மேலயிருந்து தன் பக்கமா இழுத்துத்தான் வெட்டுவாங்க. கெமராவுக்குப் பின்னால அந்தப் பக்கம் நிக்கிறது நீங்க ஒருத்தர்தான். அங்க இருந்து பாத்தா புத்தகம் தலகீழ். ஒங்களுக்குக் கீழதான் மேல.”

கேட்க ஒழுங்காக இருந்தது. அன்ஸார்கூட மெல்லத் தலையசைத்தார்.

நிலக்ஷி வெள்ளைத் துணியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“துண்டு வச்சேன். அது நாந்தான். தாள நான் வெட்டல.” பையைத் தோளில் மாட்டினாள். “எங்க முன்பள்ளிக்கு வர்ற புள்ளைங்களோட அம்மாமார் எல்லாம் அந்தத் தளத்தப் பாக்குறாங்கக்கா. நாளைக்கி எங்கையால தண்ணி குடிக்கிற புள்ளைக்கி வீட்டுல என்ன சொல்லிக் குடுப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது. வாசிக்கிறது ஒங்களுக்குச் சுளுவு.”

படியில் அவள் இறங்கும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

“பொலிசுல ஒரு என்ட்ரி போடுவமா மிஸ்?” என்று அன்ஸார் கேட்டார்.

“வேணாம் நானா.”

கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் அவளுக்குத் தேநீர் இறங்கவில்லை.

மாலை 5.30.

வீடு ஏழு பேர்ச் காணியில், பெருந்தெருவுக்குக் கீழே. அம்மா போன பிறகு அப்பாவும் மகளும்தான். அழகனுக்கு எழுபத்தொன்று. நாற்பது வருடம் தேயிலைக் கொப்பு கழித்துக் கவ்வாத்து வெட்டிய கை, இன்னும் தோளுக்குக் கீழே கயிறு மாதிரி முறுக்கி நிற்கும். ஒடுங்கிப்போன பழைய அலுமினியக் கேத்தலில் அவர் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். மின்சாரக் கேத்தல் வாங்கிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. அது பெட்டியிலேயே இருக்கிறது. தாளை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று காலையிலேயே சர்மிளா அவருக்குப் போனில் சொல்லியிருந்தாள்.

“யாரு வெட்டுனதுன்னு தெரிஞ்சிச்சா?” என்று முதுகைத் திருப்பியபடி கேட்டார்.

“நிலக்ஷின்னுதான் தெரியுது.”

கேத்தல் கொதித்தது. அவர் அதை இறக்கவில்லை.

“அந்தப் புள்ள செய்யாது.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“பாத்தா தெரியாதா.” கேத்தலை இறக்கி வைத்தார். பிறகு, “விட்டுரு ஆத்தா. தம்பிகாரன் செத்துட்டான்னு ஒரு வரி எழுதிப் போட்டுரு. அந்த மனுசி மனசு ஆறிரும். அந்தப் புள்ளயையும் ஒண்ணும் கேக்காத.”

“அத்தாட்சி இல்லாம செத்துட்டாருன்னு எழுத முடியாதுப்பா.”

“அம்பது வருசமா ஒரு கடுதாசி போடாதவன் செத்தவந்தானே” என்றார் அழகன்.

சர்மிளா மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் மனம் இன்னும் அந்த வாசிப்பிலேயே நின்றது. தன் குரலில் வந்த அந்தச் சொல் காதுக்குள் திரும்பத் திரும்ப விழுந்தது. மேசையில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40.

மழை விட்டிருந்தது. வேலியோரம் அழகன் நின்றார். தேயிலைச் செடிகளையே வரிசையாக நட்டு வேலியாக்கியிருந்தார். மழையில் உயர்ந்துவிட்ட கொப்புகளை வெட்டிக்கொண்டிருந்தார். இடது கையால் கொப்பைப் பிடித்து நிமிர்த்துவார். வலது கையின் கத்தி கீழேயிருந்து மேலே ஒரே இழுப்பு. சரக் என்று கொப்பு கையோடு வரும்.

சின்ன வயதில் அவளும் ஒருமுறை கத்தியை வாங்கி மேலிருந்து கீழே வெட்டினாள். கொப்பு பிளந்து தோல் உரிந்தது. அப்பா அடிக்கவில்லை. “கீழாக்க வெட்டுனா செடி அழும். கீழயிருந்து மேல இழு” என்று கையைப் பிடித்துக் காட்டினார்.

சன்னலில் நின்ற சர்மிளாவின் கையில் பல்தூரிகை அப்படியே இருந்தது.

அட்டை கொடுத்து வெட்டவில்லை. தாளை இடது கையில் தூக்கிப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கீழ்த் தாளில் கீறல் இல்லை.

உடனே, யாரும் கூப்பிடாமல், நேற்று மாலை காதில் விழுந்து உள்ளே போகாமல் நின்ற ஒரு சொல் வந்து முன்னால் நின்றது.

அவள் வெளியே போனாள். அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அழகன் இன்னும் இரண்டு கொப்பு வெட்டினார். பிறகு கத்தியைச் செடியின் மேல் வைத்தார். திரும்பவில்லை.

“பத்து மணிக்கு அன்ஸார் நானா கடைக்குப் போகணும்ப்பா” என்றாள். “நீங்களும் வாங்க.”

காலை 10.00.

நிலக்ஷி வரமாட்டாள் என்றுதான் லோஜன் சொன்னான். அவள் வந்தாள். உட்காரவில்லை, கதவோரம் நின்றாள். அன்ஸார் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அழகன் மேசைக்கு அருகே, கடைக்குள் வரும்போது எப்போதும் செய்வதுபோல் சால்வையைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

பழகிய மௌனம் இன்று சர்மிளாவுக்கு உதவவில்லை. அதை நிரப்ப வேண்டியவள் அவள்தான்.

“நேத்து நான் சொன்னது தப்பு” என்றாள். “ரெண்டு விஷயம் என் கண்ணு முன்னாலேயே இருந்திச்சு. மொதல்ல வெட்டு. மேசை மேல புத்தகத்த வச்சு வெட்டுனா அடுத்த தாள்ல கீறல் விழணும். விழல. அத நான் பாத்தேன். பாத்திட்டு, எனக்குத் தோதா ஒரு அட்டையக் கற்பனையில வச்சுக்கிட்டேன். தாளக் கையில நிமித்திப் பிடிச்சு, கீழயிருந்து மேல இழுத்திருக்காங்க. கொப்பு வெட்டுற மாதிரி. கவ்வாத்துக்காரங்க கை அது. கடைக் கத்தியக் குடுத்தாலும் காகிதத்தக் குடுத்தாலும் அந்தக் கை அப்பிடித்தான் போகும்.”

அன்ஸார் மெல்ல எழுந்து நின்றார்.

“ரெண்டாவது ஒரு சொல்லு. கோத்தகிரிக் கடிதத்துல ‘பிரதர்’னு மட்டுந்தான் இருக்கு. நான் வீட்டுல வாசிக்கிறப்ப ‘கூடப்பொறந்தவர்’னுதான் வாசிச்சேன். லோஜன் அண்ணன்னு நெனச்சான். அது ஊகம். ராக்காயிக்கு மாயாண்டி மூத்தவரா எளையவரான்னு எங்க யாருக்கும் தெரியாது. நேத்துப் பின்னேரம் ஒருத்தர் எங்கிட்ட, ‘தம்பிகாரன் செத்துட்டான்னு எழுதிப் போடு’ன்னாரு. அண்ணனா தம்பியான்னு தெரியாம ஒரு சொல்லயும் போடாத வேலைதான் என் வேல. அந்தச் சொல்லு என் காதுல விழுந்தும் எனக்கு வெளங்கல. அது எங்க வீட்டு ஆளோட வாயிலருந்து வந்ததால.”

நிறுத்தினாள்.

“நானா வெள்ளிக்கிழம பன்னெண்டு பத்துல இருந்து ஒண்டரை வரைக்கும் ஈ காக்கா உள்ள போகலன்னு சொன்னாரு. அத அவருக்குச் சொன்ன சாட்சி எங்க வீட்டு ஆளுங்கிறதால நான் மேல கேக்கல. சாட்சிய விசாரிக்கணும்னு எனக்குத் தோணல. தாள வெட்டுனது எங்கப்பா.”

கீழே தெருவில் பொகவந்தலாவை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

அழகன் சால்வையின் மடிப்பைப் பிரித்தார். உள்ளே நாலாக மடித்த தாள். மேசையில் வைத்து, மடிப்பின் தடம் போகும்படி உள்ளங்கையால் தேய்த்தார்.

“படம் எடுக்குறதுக்காக மேட்டு லயம்னு நீ முன்னமே சீட்டு செருகி வச்சிருந்த, தாயி. அதனால தேடக் கஷ்டமில்ல” என்றார் நிலக்ஷியிடம். பிறகு யாரிடமும் இல்லாமல் பேசினார். “எம்பேரு மாயாண்டி. ராக்காயி எங்கக்கா. அஞ்சு வருசம் மூத்தது.”

தாளில் மூன்றாம் காம்பராவில் அந்தப் பேர்கள் இருந்தன. தாய், மகள் ராக்காயி, மகன் மாயாண்டி. ‘இந்தியா’ என்று எதிரே எழுதியிருந்தது. நாலாம் காம்பராவில் பேச்சியம்மா, அவள் மகன் அழகன். அழகனின் பேரைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: ‘வயது 19, ஆற்றில் இறந்தது, 14.11.72.’

தன் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பேருக்கு எதிரே இருக்கும் பேரை சர்மிளா சிவப்பு மையின் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் எங்கூட்டாளி. வெள்ளத்துல போயிட்டான்” என்றார் அழகன். “அவங்களுக்கு இங்க பிரஜாவுரிமை கெடச்சிருந்திச்சு. எங்களுக்கு இந்தியான்னு வந்திருச்சு. இந்தியான்னா எனக்கு என்ன தெரியும்? நான் கண்டதெல்லாம் இந்த மல. பேச்சியம்மா ஒத்தையாப் போச்சு. ‘எம்புள்ள பேர்ல நீ இருந்துக்கடா’ன்னிச்சு. வேற தோட்டத்துக்குப் போயிட்டோம். அடையாள அட்ட குடுக்க வந்தப்ப அழகன்னு குடுத்தேன். கவருமெண்டுல அவன் சாவ யாரும் பதியல. இந்தப் புத்தகத்துல மட்டுந்தான் இருக்கு.”

“ஸ்டேசன்ல?” என்று லோஜன் கேட்டுவிட்டான்.

“தண்ணி புடிச்சிட்டு வர்றேன்னு கேத்தலத் தூக்கிக்கிட்டு எறங்குனேன். ரயிலு கெளம்புற வரைக்கும் கொழாய்க்குப் பின்னால நின்னேன். எங்கக்கா ஜன்னல்ல கைய நீட்டிக்கிட்டே போச்சு. கேத்தலக் கேட்டிச்சோ என்னயக் கேட்டிச்சோ.” சால்வையால் வாயைத் துடைத்தார். “இது தெரிஞ்சா ஒன் வேல போயிருமேன்னுதான் ஆத்தா வெட்டுனேன். அப்பிடித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். ஆனா இந்தத் தாயி மேல பழி விழுந்ததுக்குப் பெறகும் வாயத் தொறக்கல பாரு. அதுக்கு என்ன பேரு சொல்றது.”

சர்மிளா நிலக்ஷியைப் பார்க்க முயன்றாள். கழுத்துவரைதான் பார்க்க முடிந்தது.

“எங்கள மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல நிலக்ஷி. நான் அத வாசிச்சிருக்கக் கூடாது.”

“ஆமா” என்றாள் நிலக்ஷி. “வாசிச்சிருக்கக் கூடாது.”

அன்ஸார் தொண்டையைக் கனைத்தார். “மிஸ், நான் ஒண்டு சொல்லவா. தாளை ஒட்டி வச்சிருவம். இண்டைக்கு இந்த ரூமுக்குள்ள நடந்தது ரூமுக்குள்ள.”

“இல்ல நானா. பெரிய கிளாக்கர்கிட்ட நாளைக்கி நானே சொல்லுவேன்.”

நிலக்ஷி கதவோரத்திலிருந்து மேசைக்கு வந்தாள். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கெமராக் கண்ணைத் துடைத்தாள். வெட்டுப்பட்ட தாளைக் கீற்றோடு பொருத்தி, கண்ணாடித் தகட்டை மேலே வைத்தாள். பிறகு அந்தக் காகிதத் துண்டை எடுத்தாள். வெள்ளிக்கிழமை வைத்த அதே துண்டு. அதை நாலாம் காம்பராவின் மேல், சிவப்பு மை வரியின் மேல், சரியாக வைத்தாள்.

“மாயாண்டி பேரு தெரியும். அந்த வரி தெரியாது” என்றாள். “அளவு சரியாத்தான் இருக்கு.”

சர்மிளாவுக்கு முகம் எரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ‘எடுத்துருங்க’ என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அப்பாவின் முதியோர் கொடுப்பனவு, அவர் அடையாள அட்டை, தன் வேலை என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நாக்கு எழவில்லை. நேற்று இதே மேசையில், மறைப்பதும் பொய்தான் என்று சொன்ன நாக்கு.

அழகன்தான் கையை நீட்டினார். கண்ணாடியைத் தூக்கி, துண்டை இரண்டு விரலால் எடுத்து நிலக்ஷியிடமே கொடுத்தார்.

“வேணாம் தாயி. அந்தப் பய செத்த நாள ஒருத்தனாவது எழுதி வச்சிருக்கான். நான் அம்பது வருசமா அவன் மேல துண்டு போட்டு மூடித்தானே உக்காந்திருக்கேன். போதும்.”

நிலக்ஷி துண்டை வாங்கிக்கொண்டாள். சிறிது நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

“எங்க பக்கத்துக்கு நான் இத வைப்பேன்” என்றாள் சர்மிளாவிடம். “நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டேன்.”

கெமரா ‘கிளிக்’ என்றது. நூற்று எண்பத்தேழு.

காலை 11.15.

சர்மிளா கம்பியூட்டர் முன் உட்கார்ந்தாள். கோத்தகிரிக்குப் பதில். ஆங்கிலத்தில் தொடங்கி, ‘உங்கள் பாட்டியின் பிரதர்’ வரை தட்டிவிட்டு நின்றாள். அழித்தாள். தமிழ் எழுத்துக்கு மாற்றினாள்.

‘உங்கள் பாட்டியின் தம்பி இருக்கிறார். என் அப்பா.’

“வேற என்ன எழுத?” என்று திரும்பாமல் கேட்டாள்.

அழகன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். இந்த மௌனத்தை நிரப்ப யாரும் முயலவில்லை.

“கேத்தல் எங்கிட்டத்தான் இருக்குன்னு எழுது” என்றார்.

எழுதி அனுப்பினாள்.

பதினொன்று ஐம்பதுக்குப் பதில் வந்தது. காவியா தமிழில்தான் எழுதியிருந்தாள், எழுத்துப்பிழைகளோடு, அவசரமாக. சர்மிளா அதை முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, சத்தமாக வாசித்தாள்:

“பாட்டி அழுகிறார்கள். பாட்டி கேட்கச் சொன்னது இது மட்டும்தான். ‘ஒரு கேத்தல் தண்ணி புடிக்க இம்புட்டு நேரமாடா?’”

அழகன் சால்வையை எடுத்து முகத்தை முழுதாக மூடிக்கொண்டார். யாரும் அதை விலக்கவில்லை. நிலக்ஷி நூற்று எண்பத்தொன்பதாம் பக்கத்துக்குத் திருப்பி, கண்ணாடித் தகட்டைச் சத்தம் வராமல் வைத்தாள்.